மேளப் பேப்பரும் மாலை போட்ட படமும்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாகவில்லை.

எனக்காக ஊரில் தலை முழுகியவர்களுக்கு நன்றி. சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைக் கடைக்காரர்கள் ஒரு நேரம் கடை பூட்டினார்களாம். அவர்களுக்கும் நன்றி. அதிலும் கதிரவேலு பூட்டினான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. பக்கத்துக் கடையில் இருந்துகொண்டு என் குலைகளைக் காட்டி, "உது பழமோ, பழத்தின்ட பிரேதமோ?" என்று என்னிடம் வாங்க வந்தவர்களைக் கேட்டவன் அவன். சாவிலும் மனிதனுக்கு ஒரு லாபம் இருக்கிறது. அதை உயிரோடு இருந்து பார்க்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

ஊரிலிருந்து என் தங்கச்சியின் மகன் அனுப்பிய இரங்கல் தந்தி வந்தபோது வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஆகவே என் சாவுத் தந்தியைக் கைநீட்டி வாங்கியவனும் நான்தான். இங்கிலீசு எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. நல்ல செய்தியாக இருக்கட்டும் என்று சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு பூவும் வைத்தேன். பின்னேரம் மகன் வேலையால் வந்து அதை வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்றான்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடதாசியை எடுத்தேன். நான் பள்ளிக்கூடத்து வாசலைக் கண்டது கொஞ்சம். படித்தது அதைவிடக் கொஞ்சம். தமிழ் எழுத்துக் கூட்டுவேன். பிழைகளை ஊர்த் தமிழ்ப் பேப்பர் ஆசிரியர் திருத்திப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். திருத்தட்டும். நான் உயிரோடு இருக்கிறேன் என்ற இடத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

2

கலவரத்துக்குப் பிறகு மகன் என்னையும் மனுசியையும் ஒக்லாந்துக்குக் கூப்பிட்டான். வீடு கிளென் ஈடனில். அவனுக்கு வேலை எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரில். மருமகளுக்கும் வேலை. பேத்தி சுபாவுக்குப் பள்ளிக்கூடம், அது விட்டால் வலைப்பந்து. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்லுவாள். நான் அதற்குத் தமிழில் ஏசுவேன், அவள் சிரிப்பாள். சிரிப்பு மட்டும் இரண்டு பாஷைக்கும் பொது.

இந்த நாட்டில் என் பெயர் சின்னத்துரை இல்லை. விசாக் கந்தோரில் இருந்த பெட்டை என் கடதாசியைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் கந்தையா!" என்று கூப்பிட்டது. கந்தையா என் தகப்பனார். அவர் காலமாகி எத்தனையோ காலம். நான் எழும்பவில்லை. பெட்டை திரும்பத் திரும்பக் கூப்பிட, மனுசி விலாவில் இடித்தாள். "எழும்புங்கோ, மாமாவைக் கூப்பிடுகினம். அவர் வரமாட்டார்தானே, நீங்களாவது போங்கோ." அன்றிலிருந்து நான் கந்தையா. டொக்டருக்கும் கந்தையா, பாங்குக்கும் கந்தையா.

பகல் முழுவதும் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜன்னலால் பார்த்தால் புல்லு. அதை வெட்டுவதற்கும் ஒரு மெசின். ஒரு வியாழக்கிழமை காலாற நடந்து போனேன். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கராஜ் திறந்து கிடந்தது. உள்ளே நீள மேசைகள். நாலைந்து பேர் நின்று பேப்பர் மடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எங்களைப் போலக் கறுத்த, மாநிறச் சனம். இவ்வளவு வெள்ளை முகங்களுக்கு நடுவில் அதைக் கண்டதும் கால் தானாக உள்ளே போய்விட்டது.

பேப்பர் என்றால் எனக்கு வாழைப்பழம் சுற்றுகிற சாமான். நிறுத்து வாங்குவேன். சுற்றுவதற்கு முந்தி அதற்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். ஒரு தாளைத் தடவிப் பார்த்து, "குட் பேப்பர். ஸ்ட்ரோங்," என்றேன். தலை நரைத்த, பருத்த ஒரு அம்மா சிரித்துவிட்டு ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார். இருந்தேன். மடித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் நான் வேலைக்குப் போகிற மனிதன்.

அந்த அம்மாதான் ரூட்டா. ரரொட்டொங்காத் தீவுக்காரி. அவர்களுடைய வழக்கத்தில் பெரிய மனுசிகளை "மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும். இதை என் மனுசி பாக்கியத்துக்கு விளங்கப்படுத்த ஒரு கிழமை எடுத்தது.

"ஒரு பொம்பிளையை மாமா எண்டு கூப்பிடுறியளோ? அப்ப அவவின்ட புருசனை என்னெண்டு கூப்பிடுறது, மாமியோ?"

புருசனைக் கூப்பிட வழியில்லை. கராஜ் சுவரில் அவர் படம் தொங்கியது. எர்னஸ்ட் என்று பெயர். அமெரிக்காவில் பிறந்த கறுப்பர், கப்பலில் சமையல்காரனாக வந்தவர். இங்கே ரூட்டாவைக் கண்டார். கப்பல் போய்விட்டது, சமையல்காரன் நின்றுவிட்டான். முதல் நாள் அந்தப் படத்தைக் காட்டி, "ஹீ கம் டுடே?" என்று கேட்டேன். எல்லோரும் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் செத்து வருசக் கணக்காம். எனக்கு எப்படித் தெரியும்? படத்துக்கு மாலை போடவில்லையே! எங்கள் சட்டப்படி மாலை இல்லாத படம் உயிரோடு இருக்கிறவருடைய படம்.

பேப்பரைத் தொடங்கியவர் அவர்தான். இந்த நாட்டுப் பெரிய பேப்பர்களில் கறுத்த முகம் வருவதென்றால் பொலிஸ் பிடித்திருக்க வேண்டும், அல்லது பந்தில் வென்றிருக்க வேண்டும். "எங்கட சனம் கலியாணம் கட்டுறேல்லையோ? பிள்ளை பெறுறேல்லையோ? சோதினை பாஸ் பண்ணுறேல்லையோ?" என்று கேட்டு, கராஜுக்குள் இதைத் தொடங்கினாராம். விசா முடிந்த தீவுச் சனத்தின் கதவை விடியப்புறம் பொலிஸ் தட்டிய காலத்தில், தட்டினால் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லத் தேவையில்லை என்று முதல் பக்கத்தில் போட்டவர். அந்தத் தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்த வீடுகள் இருக்கின்றன. தலைப்பில் ஒரு மரமேளம் கீறியிருக்கும். தீவுகளில் சனத்தைக் கூப்பிட அடிக்கிற மேளம். இங்கிலீசு எழுத்துத் தெரியாத எனக்கு அந்த மேளம் போதும். நான் வைத்த பெயர் மேளப் பேப்பர்.

இப்போது நடத்துகிறவன் மகன் சொலமன். நல்ல பிள்ளை, ஆனால் களைத்த பிள்ளை. பகலில் வேறு வேலை, மிச்ச நேரமெல்லாம் இது. விளம்பரம் தருகிற கடைகள் குறைந்துகொண்டு வந்தன. "நிப்பாட்டுவம், மாம்," என்பான். மாமா ரூட்டா அடுத்த தாளை எடுப்பார். மடிப்பார். நானும் பயந்து பயந்து மடிப்பேன். பேப்பர் நின்றால் அவர்களுக்கு எர்னஸ்ட் இரண்டாம் தரம் செத்தது போல. எனக்கோ வியாழக்கிழமை செத்துவிடும். மற்ற ஆறு நாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

3

குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு வியாழன் போகவில்லை. சனிக்கிழமை மகனும் மருமகளும் பக்குரங்காவுக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார்கள். சுபா வலைப்பந்துக்கு. தபால் பெட்டிக்குள் மேளப் பேப்பர் கிடந்தது.

விரித்தேன். மேலே மேளம். கீழே தடித்த கறுப்புக் கோட்டால் நாலு பக்கமும் கட்டம். கட்டத்துக்குள்ளே மாமா ரூட்டாவின் படம், சட்டம் போட்டு, சுவரில் மாட்டியபடி. அந்தப் படத்துக்கு ஒரு மொத்த மாலை.

அப்படியே இருந்துவிட்டேன். பாக்கியம் அடுப்படியால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறியள்?"

"மாமா மோசம் போட்டா, செத்துப்போனா."

"எந்த மாமா?"

பேப்பரைக் காட்டினேன். பாக்கியம் பார்த்தாள். கையிலிருந்த அகப்பையோடு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஐயோ, போன மாசம்தானே எனக்குக் கீரை தந்தவ! நான் வடை குடுத்தனான். அந்தக் கிண்ணமும் அங்கதான்..." பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "ஆரையும் கொண்டு ஒருக்கா வாசிச்சுப் பார்ப்பமே?" என்றாள்.

"என்னத்தை வாசிக்கிறது? மாலை போட்டிருக்கு, கறுப்புக் கோடு அடிச்சிருக்கு. இதுக்கு மேல எழுத்து என்னத்துக்கு?"

"அப்ப ஒரு ஃபோன் எடுத்துக் கேளுங்கோவன்."

"விசரி! செத்த வீட்டுக்கு ஃபோன் எடுத்து, 'செத்தது மெய்தானோ?' எண்டு ஆரும் கேக்கிறதே? போறதுதான் முறை."

அது சரி என்று அவளும் ஒத்துக்கொண்டாள். நான் வேட்டி கட்டினேன். ஒக்லாந்துக் காற்றில் வேட்டி கட்டுவது கப்பலுக்குப் பாய் கட்டுவது போல. காய்ச்சல் மிச்சமும் இருந்தது. நாலு தெரு நடக்க ஏலாது. பக்கத்து வீட்டு முனிசாமியைக் கூப்பிட்டேன். அவர் ஃபீஜியில் பிறந்தவர், தச்சு வேலைக்காரர், வான் வைத்திருக்கிறார். அவருடைய தமிழ் அவருடைய பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. வழியில் கொஞ்சம் இந்தியும் ஏறிக்கொண்டது.

"அரே, ரூட்டா அம்மாவா? என் மக கல்யாணப் படத்தை முதல் பக்கத்துல போட்டவங்க ஐயா! இன்னும் ஹால்ல மாட்டி வச்சிருக்கோம்." பேப்பரைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. தன் வளவில் பூத்த பூவெல்லாம் வெட்டி வானில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

4

வீட்டு முன்றலில் கதிரைகள் வரிசையாக இருந்தன. செத்த வீடேதான். கதிரையும் போட்டாயிற்று.

படலையைத் தாண்டியதும் பாக்கியம் தொடங்கிவிட்டாள். எங்கள் ஊரில் அவள் ஒப்பாரிக்குப் பெயர் இருந்தது. தெரிந்த வீடு, தெரியாத வீடு என்று பார்க்கமாட்டாள். ஒக்லாந்துக்கு வந்த பிறகு அழ ஒரு சாவு கிடைக்கவில்லை. சேர்த்து வைத்த எல்லாமாக அன்று வந்தது.

"பேப்பர் அடிச்ச ராசாத்தி, ஒரு சொல்லும் சொல்லாமல் போனியோ! கீரை தந்த கையெங்கே, என்ர கிண்ணம் வைச்ச இடமெங்கே!"

கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனாள். கதவு திறந்தது. திறந்தவரைக் கட்டிப்பிடித்தாள். யாரென்று பார்ப்பது முறையில்லை. செத்த வீட்டில் முதலில் அகப்படுகிறவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்.

அகப்பட்டவர் மாமா ரூட்டா. ஒரு கையில் கடித்த பாண்துண்டு.

பின்னால் வந்த முனிசாமி பூங்கட்டைக் கீழே போட்டுவிட்டு, "ராம் ராம்," என்றார். பாக்கியத்தின் முதுகைத் தட்டினேன். அவள் நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் உரத்து அழுதாள்.

அதிசயம் என்னவென்றால், மாமா ரூட்டாவும் அழத் தொடங்கினார். பாண்துண்டோடு பாக்கியத்தைக் கட்டிப்பிடித்து, பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். இங்கிலீசில் ஏதோ சொன்னார். முனிசாமியைப் பார்த்தேன்.

"இன்னிக்கு யாருமே வரலையாம் ஐயா. எல்லாரும் ஃபோன்ல சாரி சொன்னாங்களாம். நேர்ல வந்து அழுதது நீங்கதானாம்."

செத்தவரே வாசலில் நின்று, செத்த வீட்டுக்கு ஆள் வரவில்லை என்று குறைப்படுவதை நான் அன்றுதான் கண்டேன்.

அப்போதுதான் பாக்கியம் கண்ணைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பி, மெல்லமாக, "இஞ்சாருங்கோ, இது ஆர்?" என்றாள்.

சொலமன் ஒரு பெட்டியோடு கராஜிலிருந்து வந்தான். உள்ளே மேசைகள் கால் மடித்துச் சுவரோடு சாத்திக் கிடந்தன. கதிரைகள் சேர்ச்சுக்குத் திருப்பிக் கொடுக்க வெளியே எடுத்து வைத்தவையாம். என் மடியில் செருகியிருந்த பேப்பரை முனிசாமி இழுத்து விரித்தார். வாசித்தார். தலையைச் சொறிந்தார்.

"ஐயா, அம்மா செத்துட்டாங்கன்னு இதுல இல்ல. பேப்பர்தான் செத்துப்போச்சு. இதுதான் கடைசிப் பேப்பராம்."

கடைசிக் கதிரையில் இருந்தேன். நாங்கள் வந்தது செத்த வீடுதான். ஆள்தான் மாறிப்போயிருந்தது.

5

"நாங்கள் என்னத்துக்கு வந்தனாங்கள் எண்டு அவவுக்குச் சொல்லாதையுங்கோ," என்று பாக்கியம் என் காதுக்குள் சொன்னாள். ஆனால் மாமா ரூட்டா என் வேட்டியையும் முனிசாமியின் பூவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு இங்கிலீசு போதாது. பேப்பரில் இருந்த படத்தைக் காட்டினேன். மாலையைக் காட்டினேன். கண்ணை மூடி, தலையைச் சரித்து, கையிரண்டையும் நெஞ்சில் வைத்துக் காட்டினேன்.

மாமா ரூட்டா பக்கத்துக் கதிரையில் இருந்தார். பிறகு கதிரை ஆடத் தொடங்கியது. மாமா ரூட்டா சிரித்தார். சிரித்துச் சிரித்து, முனிசாமியின் பூவுக்குக் கிட்டப் போனதில் தும்மத் தொடங்கி, தும்மித் தும்மிச் சிரித்தார்.

அந்தத் தும்மல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பேப்பர் நிற்கப் போகிறது என்று கேட்டுச் சேர்ச்சுப் பெண்கள் மரியாதை செய்ய மாலை கட்டிக்கொண்டு வந்தார்களாம். அவர்கள் வழக்கத்தில் மாலை உயிரோடு இருக்கிறவருக்குத்தான். மாமா ரூட்டாவுக்குப் பூ என்றால் தும்மல். கழுத்தில் போட ஏலாது. சுவரில் இருந்த அவருடைய படத்தின் மேலே மாட்டினார்கள். சொலமன் அதைப் படம் பிடித்தான். கடைசிப் பேப்பர் என்பதால் கவலையாகக் கறுப்புக் கோடும் அடித்தான்.

சிரிப்பு முடிந்தபோது மாமா ரூட்டாவின் முகம் வேறாக இருந்தது. இனி அவர்கள் இரண்டு பேரும் கதைத்ததை முனிசாமி சொல்லச் சொல்ல எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

"சொலமன், உன்ர கொப்பரின்ட சட்டம் என்ன?"

"எந்தச் சட்டம், மாம்?"

"பிழை விட்டால்?"

சொலமன் பெட்டியைக் கீழே வைத்தான். "அடுத்த பேப்பரில, முதல் பக்கத்தில திருத்திறது."

இந்தச் சட்டம் எனக்கும் தெரியும். மடிக்கும்போது எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை. எர்னஸ்ட் ஒரு தரம் கலியாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற மச்சாளை மணப்பெண் என்று போட்டுவிட்டார். அடுத்த கிழமை முதல் பக்கம் முழுவதும் மன்னிப்பு. சரியான பெண்ணுக்கு மச்சாளைவிடப் பெரிய படம். "பெரிய பேப்பர்கள் எங்களைப் பற்றிப் பிழையாப் போடும். ஒருநாளும் திருத்தாது. நாங்கள் திருத்துவம். அதுதான் வித்தியாசம்," என்பாராம்.

"நான் செத்துப்போனன் எண்டு உன்ர பேப்பர் சொல்லியிருக்கு," என்றார் மாமா ரூட்டா.

"சொல்லேல்லை! இவர் வாசிக்கத் தெரியாமல்..."

"வாசிக்கத் தெரியாதவை எங்கட பேப்பரைப் பாக்கிறேல்லையோ? கொப்பர் படம் பெரிசாப் போட்டது ஆருக்கு?"

"மாம், இது பேப்பரின்ட பிழை இல்லை."

"மாலையை ஆர் படம் பிடிச்சது? கறுப்புக் கோடு ஆர் அடிச்சது? நான் உயிரோட இருக்கிறன். அதைத் திருத்த வேணும். அடுத்த பேப்பரில."

"அடுத்த பேப்பர் இல்லை!"

"அப்ப நான் செத்தவளாவே இருக்கிறதோ?"

சொலமன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். பாக்கியம் ஒன்றும் விளங்காமலே, முறைக்கு ஒரு விம்மல் விம்மினாள். அது நல்ல இடத்தில் விழுந்தது. சொலமன் கராஜ் சுவரில் இருந்த தகப்பன் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

போகிற நேரம் வந்தது. இங்கேதான் எனக்குப் பெரிய இக்கட்டு. எங்கள் முறை உங்களுக்குத் தெரியும்: செத்த வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக்கூடாது. பேசாமல் எழும்பிப் போக வேண்டும். வேறு எந்த வீட்டிலிருந்து போனாலும் "போட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். இது எந்த வீடு? பாக்கியம் பேசாமல் படலைக்குப் போய்விட்டாள். முனிசாமி வானைத் திறந்துவிட்டார். மாமா ரூட்டா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். உள்ளே சொலமன் ஏதோ உருட்டுகிற சத்தம்.

நான் திரும்பி நின்றேன். கராஜுக்குள் கேட்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "போட்டு வாறன்! தேர்ஸ்டே!"

உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. மேசைக் கால் விரிக்கிற சத்தம் எனக்குத் தெரியும். எத்தனை வியாழன் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் கேட்டாள், "தலை முழுகிறதோ, இல்லையோ?"

"முழுகாதை. முழுகினால் செத்தது மெய்யெண்டு ஆகிப்போடும்."

சுபா வந்து எல்லாம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பப்பா, ஏன் என்னைக் கேக்கேல்லை?" என்றாள். தமிழில் கேட்டாள். அதைப் பார்த்து அதிசயப்பட்டதில் பதில் சொல்ல மறந்துவிட்டேன்.

6

ஒவ்வொரு கிழமையும் ஏலாது, அடுத்த மாதம் ஒன்று என்றான் சொலமன். அதுவும் இந்தத் திருத்தம் ஒன்றுக்கு மட்டும், பிறகு இல்லை என்றான். அது அடித்து வந்த வியாழன் போனேன். மேசை விரித்திருந்தது. பேப்பர்க் கட்டை அவிழ்த்தேன்.

முதல் பக்கத்தில் மாமா ரூட்டா கோப்பையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சிரிக்கிறார். மாலை இல்லை, கோடு இல்லை. நல்ல திருத்தம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம். எனக்குத் தெரிந்த முகம். சுபா எடுத்துக் கொடுத்த படமாம். மாமா ரூட்டா அழ வந்த மனிதனுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று சொல்லி, அதைச் சட்டம் போட்டு, தும்மித் தும்மித் தன் கையால் மாலை மாட்டியிருக்கிறார்.

மேசை நிறைய என் முகம். கட்டுக் கட்டாக, மாலையோடு. கீழே பெயர் போட்டிருந்தது. சுபா பிறகு வாசித்துச் சொன்னாள்: மிஸ்டர் கந்தையா. பாவம், என் தகப்பனார் இந்த நாட்டைக் காணாமலே பேப்பரில் வந்துவிட்டார்.

சொலமன் என் தோளுக்கு மேலால் பார்த்தான். "ஓகே, மிஸ்டர் கந்தையா?"

இது என்ன படம் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்றும் தெரியும். பாக்கியம் ஊரில் இருக்கிற என் தங்கச்சிக்கு இப்படியான துண்டெல்லாம் வெட்டி அனுப்புவாள் என்றும் தெரியும். ஆனால் எர்னஸ்ட்டின் சட்டமும் எனக்குத் தெரியும்.

"வெரி குட்," என்றேன்.

தந்தி வந்த அடுத்த நாள் அதை மடியில் செருகிக்கொண்டு கராஜுக்குப் போய், சொலமனின் மேசையில் வைத்தேன். அவன் வாசித்தான். ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டான். மாமா ரூட்டா அவனுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, மேசைகளில் ஒன்றின் காலை விரிக்கத் தொடங்கினார்.

ஆகவே உறவினர்களே, கதிரவேலு, நீயும்தான்: நான் உயிரோடு இருக்கிறேன். திருத்தம் அடுத்த பேப்பரில் வருகிறது. அதில் எங்கே பிழை விடலாம் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாளைக்கு வியாழக்கிழமை, மடிக்கிற வேலை இருக்கிறது.

போட்டு வாறன்.